வாக்குச்சீட்டின் இரண்டாவது பெயர்

2004 ஜூலை 6 காலையில் ‘நியூயார்க் போஸ்ட்’ நாளிதழைக் கையில் எடுத்தவர்களுக்கு முதல் பக்கத்திலேயே விடை கிடைத்தது. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி, துணை அதிபர் பதவிக்கு மிசோரியின் டிக் கெப்ஹார்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்றது செய்தி. சில மணி நேரத்தில் பிட்ஸ்பர்க் நகரில் மேடையேறிய கெர்ரி அறிவித்த பெயரோ ஜான் எட்வர்ட்ஸ். நாளிதழ் தவறவிட்ட உண்மை முந்தைய இரவே ஒருவர் கண்ணில் பட்டிருந்தது: அந்நகர விமான நிலையத்தில் கெர்ரியின் பிரசார விமானத்தில் எட்வர்ட்ஸின் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்தைய சில மாதங்கள் முழுக்க அமெரிக்க அரசியல் செய்தியாளர்கள் இந்த ஆரூடத்தில்தான் மூழ்கிக் கிடந்தார்கள். அங்கே அதிபரை மொத்த மக்கள் வாக்கு தீர்மானிப்பதில்லை. மாகாணம் மாகாணமாகச் சேரும் 538 தேர்வாளர் வாக்குகளில் 270 கிடைக்க வேண்டும். எனவே கணக்கும் மாகாணவாரியாகவே ஓடியது. கெப்ஹார்ட் வந்தால் தொழிற்சங்கங்கள் இறங்கி வேலைசெய்யும், மிசோரியின் 11 வாக்குகள் எட்டும் தூரத்துக்கு வரும். ஐயோவா ஆளுநர் டாம் வில்சாக் வந்தால் அங்குள்ள 7 வாக்குகள். ஆலைத் தொழிலாளியின் மகனும் நல்ல பேச்சாளருமான எட்வர்ட்ஸ் வந்தால் தென் மாகாணங்களில் கதவு திறக்கும். நவம்பரில் மிசோரி, ஐயோவா, வட கரோலினா மூன்றுமே ஜார்ஜ் புஷ் பக்கம் போயின. எட்வர்ட்ஸின் சொந்த மாகாணமான வட கரோலினாவில் கெர்ரி 12 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் பின்தங்கினார்.

கணக்கு பொய்த்தது பெரிய விஷயமல்ல. தேர்தலை முடித்துவைத்தது ஒஹையோ. அங்கே வித்தியாசம் சுமார் 1,18,000 வாக்குகள்தான். அந்த மாகாணம் மறுபக்கம் சாய்ந்திருந்தால் எட்வர்ட்ஸ் துணை அதிபர் ஆகியிருப்பார். திருமணத்துக்கு வெளியே அவருக்கு இருந்த உறவு 2008-ல் அம்பலமானது. அதை மறைக்கப் பிரசார நிதி பயன்பட்டதா என்ற வழக்கில் 2012-ல் நீதிமன்றப் படியேறினார். தண்டனை எதுவும் விழவில்லை. 2004-ல் அந்த உறவே தொடங்கியிருக்கவில்லை என்பதால், கெர்ரியின் ஆய்வுக் குழுவை அதற்காகக் குறைசொல்ல முடியாது. ஆனால், ஒரே ஒரு முறை செனட்டராக இருந்த இவர் நாளைக்கே அதிபராக நேர்ந்தால் தாங்குவாரா என்ற கேள்வி, அத்தனை மாத ஆரூடத்தில் கடைசி வரிசையில்தான் நின்றது. எனக்கு உறுத்துவது அதுதான்.

அந்தக் கேள்வி ஏன் முதல் வரிசைக்கு வர வேண்டும் என்பது நமக்குச் சட்டென்று புரியாது; நம் குடியரசுத் துணைத் தலைவரை மனதில் வைத்துத்தான் நாம் அந்தப் பதவியைப் பார்க்கிறோம். 1969 மே மாதம் ஜாகிர் உசேன் மறைந்தபோது வி.வி. கிரி தற்காலிகமாகவே பொறுப்பேற்றார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது நம் அரசமைப்பின் விதி. அமெரிக்காவில் இடைத்தேர்தல் கிடையாது. அதிபர் பதவியேற்ற மறுநாள் இறந்தாலும் மீதமுள்ள நான்காண்டும் துணை அதிபருக்கே. இதுவரை அதிபராக இருந்த 45 பேரில் 9 பேர், 1841-ல் ஜான் டைலர் தொடங்கி 1974-ல் ஜெரால்டு ஃபோர்டு வரை, இந்த வழியாகத்தான் முதலில் அந்த நாற்காலிக்கு வந்தார்கள். எட்டு மரணங்கள், ஒரு ராஜினாமா. ஐந்தில் ஒருவர்.

அவர்களில் ஆண்ட்ரூ ஜான்சனை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 1864-ல் உள்நாட்டுப் போருக்கு நடுவே மறுதேர்தலைச் சந்தித்த லிங்கன் அணியில், பழைய துணை அதிபர் ஹானிபல் ஹாம்லின் நீக்கப்பட்டார். தென்னகத்தின் டென்னசியைச் சேர்ந்த, எதிர்க்கட்சிக்காரரான, ஆனால் பிரிவினையை ஏற்காத ஜான்சன் அந்த இடத்துக்கு வந்தார். ஒற்றுமையைக் காட்ட அருமையான தேர்வு என்று அன்று தோன்றியிருக்கும். புதிய பதவிக்காலம் தொடங்கி ஆறு வாரத்தில் லிங்கன் சுடப்பட்டார். அடிமைத் தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட லட்சக்கணக்கான கறுப்பின மக்களின் எதிர்காலம், அவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தையே தன் மறுப்பாணையால் தடுக்க முயன்ற ஒருவரின் கையில் போய்ச் சேர்ந்தது. 1868-ல் பதவிநீக்க விசாரணையில் ஒரே ஒரு வாக்கில் ஜான்சன் தப்பினார். ஓர் இலையுதிர் காலத் தேர்தலுக்காகச் செய்த ஏற்பாடு அது. அதற்கு விலை கொடுத்தவர்கள் அந்தத் தேர்வில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள்.

சரியான கேள்வியை ஒருபோதும் யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட முடியாது. 1944-ல் கேட்டார்கள். மூடிய கதவுக்குள் கேட்டார்கள்.

அந்த ஆண்டு மார்ச் இறுதியில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் பரிசோதித்தார். கடும் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பின் அறிகுறிகள். மக்களுக்கு அது தெரிவிக்கப்படவில்லை. அதிபர் நலமாக இருக்கிறார் என்றே அவருடைய தலைமை மருத்துவர் ராஸ் மெக்கின்டையர் சொல்லிவந்தார். ஆனால், கட்சியைக் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கண் இருந்தது. மெலிந்த முகத்தையும் நடுங்கும் கையையும் பார்த்தார்கள். நான்காம் முறை ரூஸ்வெல்ட் வெல்வார், ஆனால் அந்தப் பதவிக்காலத்தை முடிக்க மாட்டார் என்று அவர்கள் தங்களுக்குள் முடிவுகட்டியிருந்தார்கள். ஜூலை 11 இரவு வெள்ளை மாளிகையில் அதிபருடன் உட்கார்ந்த கட்சித் தலைவர் ராபர்ட் ஹானிகன், பிராங்க்ஸின் எட் ஃப்ளின், சிகாகோ மேயர் எட் கெல்லி முதலானோர், அடுத்த அதிபரைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அறிந்தே பேசினார்கள்.

அப்போதைய துணை அதிபர் ஹென்றி வாலஸ் வேண்டாம் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. தொழிலாளர்களும் கட்சியின் சாதாரண வாக்காளர்களும் அவரை விரும்பினார்கள். கருத்துக்கணிப்புகளில் அவரே முன்னணியில் இருந்தார். நிறவெறியை வெளிப்படையாக எதிர்த்தது தென்னகத் தலைவர்களுக்குக் கசந்தது. சோவியத் மீதான அவருடைய நம்பிக்கை மற்றவர்களுக்கு அச்சமூட்டியது. தென் கரோலினாவின் ஜேம்ஸ் பெர்ன்ஸ் திறமைசாலி. ஆனால் இனப் பாகுபாட்டை ஆதரித்தவர், தொழிற்சங்கங்களுக்குப் பிடிக்காதவர், கத்தோலிக்கத்தை விட்டு விலகியவர். மூன்று திசையிலும் ஓட்டு சிந்தும். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தபோது எஞ்சியவர் மிசோரி செனட்டர் ஹாரி ட்ரூமன். போர்க்காலச் செலவுகளைத் துருவிய விசாரணைக் குழுவை நடத்தி நற்பெயர் எடுத்தவர். எவருக்கும் முதல் விருப்பம் அல்லர். எவருக்கும் பகையும் அல்லர்.

ஜூலை 20 இரவு சிகாகோ மாநாட்டு அரங்கில் வாலஸ் ஆதரவாளர்களின் முழக்கம் கூரையை முட்டியது. அந்த அலையிலேயே வாக்கெடுப்பு நடந்திருந்தால் அவர் வென்றிருக்கக்கூடும். அவசர அவசரமாக மாநாட்டை மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள். மறுநாள் முதல் சுற்றில் வாலஸ் 429 வாக்குகளுக்கு மேல் பெற்று முந்தினார்; ட்ரூமனுக்கு 319 சொச்சம். இரண்டாம் சுற்றில் மாகாணக் குழுக்கள் ஒவ்வொன்றாக அணி மாற, எல்லாம் முடிந்தது.

ட்ரூமன் பிற்பாடு நல்ல அதிபரா என்பது இன்னும் தீராத விவாதம். நான் அதற்குள் போகவில்லை. என் மனதை அறுப்பது அடுத்து நடந்தது. ஆகஸ்ட் 18 அன்று வெள்ளை மாளிகைத் தோட்டத்து மர நிழலில் இருவரும் மதிய உணவு சாப்பிட்டார்கள். ரூஸ்வெல்ட் கோப்பையில் கிரீமை ஊற்றும்போது கை நடுங்கியதை ட்ரூமன் கவனித்தார். வாரிசு இவர்தான் என்று தெரிந்திருந்தும், அணுகுண்டு தயாரிக்கும் மன்ஹாட்டன் திட்டம் பற்றி அதிபர் அவரிடம் வாய் திறக்கவில்லை. ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாட்கள். 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் ரூஸ்வெல்ட் இறந்தார். அன்று மாலை பதவியேற்பும் அமைச்சரவைக் கூட்டமும் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் மட்டும் பின்தங்கி நின்று, பேரழிவு ஆற்றல் கொண்ட ஒரு புதிய ஆயுதம் உருவாகிறது என்று ஓரிரு வாக்கியம் சொன்னார். முழு விவரம் ஏப்ரல் 25-ல்தான் கிடைத்தது. ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமா.

மாகாணக் கணக்கு பலித்ததற்கும் சான்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1960-ல் கென்னடி தன் தம்பியின் வெறுப்பையும் மீறி லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். டெக்சாஸில் சுமார் 46,000 வாக்கு வித்தியாசத்தில் 24 தேர்வாளர் வாக்குகள் வந்தன. ஜான்சன் இல்லாமல் அந்த மாகாணம் கிடைத்திருக்காது என்றே நானும் நம்புகிறேன். ஆனால், டெக்சாஸுக்காகச் சேர்க்கப்பட்ட அந்த மனிதர்தான், கென்னடிக்குப் பிறகு அதிபராகி, 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தையும் 1965-ன் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியவர். வியட்நாமுக்கு லட்சக்கணக்கில் படைகளை அனுப்பியவரும் அவர்தான். 24 வாக்குகளுக்குச் செய்த பேரத்துக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தது.

அதிலிருந்து கட்சிகள் கற்றது குறைவு. 1972-ல் ஜார்ஜ் மெக்கவர்ன் சில மணி நேர யோசனையில் தாமஸ் ஈகிள்டனைத் தேர்ந்தெடுத்தார். மனச்சோர்வுக்கு அவர் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றது வெளியே வந்ததும், தேர்ந்தெடுத்த 18-வது நாளில் மெக்கவர்ன் அவரைக் கைவிட்டார். சிகிச்சை பெற்றது குற்றமல்ல. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட நேரம் ஒதுக்காததுதான் குற்றம். 2008 ஆகஸ்ட் 29 அன்று ஜான் மெக்கெய்ன் தன் 72-வது பிறந்தநாளில், தோல் புற்றுநோயிலிருந்து மீண்டவராக நின்று, ஆளுநராக இரண்டாண்டு கூட நிறைவு செய்யாத சாரா பேலினை அறிவித்தார். பெண் வாக்காளர்களும் கட்சியின் பழமைவாதிகளும் எழுவார்கள் என்பது கணக்கு. வேட்பாளரின் வயதையும் அடுத்து நிற்பவரின் ஆயத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு தேர்தல் உண்டென்றால் அது அதுதான்.

2020 ஆகஸ்டில் ஜோ பைடன் கமலா ஹாரிஸை அறிவித்தபோது, திருவாரூர் மாவட்டத்தின் துளசேந்திரபுரத்தில் சுவரொட்டிகள் எழுந்தன. அவருடைய தாய்வழித் தாத்தா கோபாலனின் ஊர் அது. அந்த மகிழ்ச்சி எனக்கும் இருந்தது. இந்தியாவிலிருந்து படிக்கப்போன ஷியாமளாவின் மகள் கட்சி மாநாட்டு மேடையில் ‘சித்தி’ என்ற சொல்லை உச்சரித்தபோது நெகிழாத தமிழர் குறைவு. ஆனாலும் நம் ஊடகங்களும் ‘இந்திய வாக்குகள் எத்தனை, கறுப்பின வாக்குகள் எத்தனை’ என்பதைத் தாண்டவில்லை. பதவியேற்கும்போது பைடனுக்கு 78 வயது. 2024 ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்து விலகியதும் கட்சி சில நாட்களில் ஹாரிஸ் பின்னால் திரண்டது. முதல்நிலைத் தேர்தல்களில் அவர் பெயரில் போட்டியே நடந்திருக்கவில்லை. அதாவது, 2024-ன் அதிபர் வேட்பாளரைத் தீர்மானித்தது நான்காண்டுக்கு முன் ஒரு தனிமனிதர் செய்த தேர்வு.

உடனே ஆரூடம் மறுபடி தொடங்கியது. பென்சில்வேனியாவின் 19 வாக்குகளுக்காக அதன் ஆளுநர் ஜோஷ் ஷபிரோவா, மினசோட்டாவின் டிம் வால்ஸா? வால்ஸ் வந்தார், பென்சில்வேனியா போனது, ‘ஷபிரோ இருந்திருந்தால்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். ஏழு போர்க்கள மாகாணங்களையும் டிரம்ப் வென்ற தேர்தலில் ஓர் ஆளுநர் எதை மாற்றியிருப்பார் என்று எனக்குப் புரியவில்லை. மறுபக்கம், தன் மீது துப்பாக்கிச் சூடு நடந்த இரண்டாம் நாள் டிரம்ப் ஜே.டி. வான்ஸை அறிவித்தார். வான்ஸின் ஒஹையோ ஏற்கெனவே டிரம்ப் பக்கம் இருந்த மாகாணம். அவர் செனட்டுக்கு வந்து இரண்டாண்டு கூட ஆகியிருக்கவில்லை. காதோரம் உரசிச் சென்ற குண்டின் காயத்துக்குக் கட்டுப் போட்டபடி அதிபர் வேட்பாளர் மாநாட்டுக்கு வந்த அந்த வாரத்தில்கூட, வான்ஸ் தொழிலாளர் மாகாணங்களில் எவ்வளவு தேறுவார் என்பதே பேச்சாக இருந்தது.

மாற்ற முடியாத ஏற்பாடு அல்ல இது. 1956-ல் அட்லாய் ஸ்டீவன்சன் தேர்வை மாநாட்டுப் பிரதிநிதிகளிடமே விட்டார். எஸ்டஸ் கெஃபாவர் வென்றார், இளம் கென்னடி வெற்றியை நெருங்கி வந்து தோற்றார். 1976-ல் ஜிம்மி கார்ட்டர், பெயர்ப் பட்டியலில் இருந்தவர்களோடு நேரம் எடுத்துத் தனித்தனியே பேசி வால்டர் மாண்டேலைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அவருக்கு அறை கொடுத்தார், ரகசிய உளவு அறிக்கைகளையும் பகிர்ந்தார். ட்ரூமனுக்கு மறுக்கப்பட்டது மாண்டேலுக்குக் கிடைத்தது. பெயரை மாநாட்டுக்குப் பல வாரம் முன்பே வெளியிட்டு, வேட்பாளரின் மருத்துவ அறிக்கையையும் அதனுடன் வைத்து, அந்த நபரை நாட்டின் முன் பல முறை நிறுத்திக் கேள்வி கேட்க வைப்பது கட்சிகளால் ஆகாத காரியமா?

2024-ல் வாக்காளர்களுக்கு வான்ஸையும் வால்ஸையும் நேருக்கு நேர் பார்க்கக் கிடைத்தது ஒரே ஓர் இரவு. அக்டோபர் 1, நியூயார்க், 90 நிமிடம்.