'பேட்டரி போச்சு' என்று சொல்லும் முன்...



கரண்ட் போன அரைமணியில் இன்வெர்ட்டர் 'கீ... கீ...' என்று கத்தி அணைந்துவிட்டால், நம்ம பக்கம் கேட்கிற முதல் தீர்ப்பு ஒன்றுதான். "பேட்டரி போச்சுங்க. புதுசு போட்டுருங்க!" விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, நேராகத் தூக்குத் தண்டனை! இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டியவர்கள் டிப்ளமோ படிக்கிற நாம்தான் என்பது என் கருத்து.

பொங்கலூரில் வீட்டுக்கு வீடு இந்தப் பேட்டரி எப்படி வந்தது? 2012-ல் சென்னைக்கு வெளியே பகலும் இரவுமாய்ப் பல மணி நேரம் மின்வெட்டு. பெரியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இன்று அந்த நிலை இல்லை. ஆனாலும் பராமரிப்பு நாளும் இடிமழை நாளும் இருக்கத்தானே செய்கின்றன? வீட்டில் உட்கார்ந்து பனியன் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டும் அக்காமார்களுக்கு விளக்கு அணைந்தால் கூலியும் அணைந்தது. புதுப் பேட்டரியோ பத்தாயிரத்துக்கு மேல். பீஸ்ரேட்டில் அது எத்தனை நாள் உழைப்பு!

நோய்க்கு மருந்து கொடுக்குமுன் நோயின் காரணத்தைத் தேடச் சொன்னார் வள்ளுவர். பேட்டரிக்கும் அதே முறைதான்.

முதலில் கண்ணால் பார்க்கணும். தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கிறதா? டெர்மினலில் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறதா? கிளாம்ப் லூஸா?

அடுத்து மீட்டர். முழுச்சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டுத்தான் வோல்ட் பார்க்கணும். சார்ஜரைக் கழற்றிய உடனே பார்த்தால் பொய்க்கணக்குதான் காட்டும். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் சுமார் நிற்கும். 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று படுத்துவிட்டதோ என்று சந்தேகப்படலாம்.

மூன்றாவது ஹைட்ரோமீட்டர். ஒப்படர்த்தி, நம்ம பாஷையில் கிராவிட்டி. டியூபுலர் பேட்டரியில் முழுச்சார்ஜில் 1.240 அளவு வரும். ஆறு செல்லும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் பெரும்பாலும் சார்ஜ் சரியாக ஏறவில்லை; குற்றவாளி சார்ஜராகவோ ஒயராகவோ இருக்கலாம். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் தாழ்ந்திருந்தால், கோளாறு அந்தச் செல்லில்தான்.

கடைசியாக லோடு. டியூப்லைட்டும் ஃபேனும் போட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதணும். வெளிநாட்டில் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற கேரவன் வீட்டில் விளக்கெரிப்பதும் இதே வகைப் பேட்டரிதான். மெதுவாய், நெடுநேரம் கொடுப்பது. ஸ்பேனரைக் குறுக்கே வைத்துத் 'தீப்பொறி வருதா' என்று பார்ப்பது சோதனையே அல்ல. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், ஞாபகமிருக்கட்டும்!

எங்கள் வீதி அக்கா ஒருவருக்கு இப்படித்தான் "மாத்திருங்க" என்று சொல்லிப் போனார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஆறு செல்லும் 1.150 சுமார், ஒரே சீராக. கிளாம்பில் வெள்ளைப் பூச்சு. சுத்தம் செய்து, இறுக்கி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி முழுச்சார்ஜ் விட்டதும் ஆறும் சேர்ந்தே ஏறின. "ஏங் கண்ணு, இதுக்கா புதுசு வாங்கச் சொன்னாங்க?" என்றார் அக்கா. இன்னொரு வீட்டில் ஒரு செல் மட்டும் 1.100-லேயே நின்றது, அங்கே நானும் மாற்றத்தான் சொன்னேன். ஆனால் ஆறு அளவையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"இவ்வளவு நேரம் செலவழித்தால் மெக்கானிக்குக் கட்டுபடியாகுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இலவசமாய்ச் செய்யச் சொல்லவில்லை. டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிற மாதிரி, சோதனைக்கும் கூலி வாங்குவோம். விற்பனைக் கமிஷனில் பிழைக்கிறவன் கையில் ஹைட்ரோமீட்டர் இருந்தும் பயனில்லை.

செத்த பேட்டரியைக் கண்ட இடத்தில் போடவும் கூடாது. உள்ளே இருப்பது ஈயம். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர் மேலேயே வைத்திருக்கின்றன. கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்வதும் நம் வேலை.

நண்பர்களே! பொருளை மாற்றிப் போட யாராலும் முடியும். ஏன் மாற்றணும் என்று எண்ணால் நிரூபிக்கிறவனுக்குத்தான் டிப்ளமோ. அளந்து பார்ப்போம்! பிறகு தீர்ப்புச் சொல்வோம்!