உறுமிக்கு ஒரு வசதி வேணும்!

1987-ல் அமிகா கணினிக்கு வந்த அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்ல நாலே சேனல். அந்த வழியில வந்த மில்க்கிடிராக்கர் இலவசம். பழைய லேப்டாப்லயும் ஓடும். ஆனா மதுரைத் திருவிழாக்கள்ல கேட்கிற உறுமியை அதுல போட்டுப் பாருங்க, உயிரே இருக்காது. உறுமியின் ஒரு முகத்தை வளைஞ்ச குச்சியால தேய்க்கிறாங்க. ஒரு தேய்ப்பு மாதிரி இன்னொண்ணு இருக்காது. டிராக்கரோ ஒரே சாம்பிளை அச்சு மாறாம திரும்பத் திரும்ப ஒலிக்குது. ஒரு இன்ஸ்ட்ருமெண்ட்ல 16 சாம்பிள் வைக்கலாம்தான். ஆனா எது எந்த நோட்டுக்குன்னு முன்கூட்டியே கட்டிப்போடணும். ஒரே நோட்டுக்குச் சாம்பிளைத் தானா மாத்தி மாத்தி எடுக்கிற வசதி வேணும். காசு குடுத்து வாங்குற ரெனாய்ஸ்ல அது ஏற்கெனவே இருக்கு. மில்க்கிடிராக்கர் ஓப்பன் சோர்ஸ். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு அட்டெண்டன்ஸ் ஆப் செய்றதுக்குப் பதிலா இதைச் செய்யலாமே, மக்களே!