யாருடைய இரகசியம்?



சிறுவர் துஷ்பிரயோகத்துக்காகத் திருச்சபை நட்டஈடு வழங்கிய செய்தி வரும்போதெல்லாம் நம்மவர் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "காசையும் வாங்கி, வெளியில் சொல்லமாட்டேன் என்று கையொப்பமும் வைத்தவர் இப்போது ஏன் பேசுகிறார்?" சிட்னியிலும் கேட்டேன், மெல்பேர்ணிலும் கேட்டேன். கேட்பவர்கள் கெட்டவர்களல்லர், செபமாலையைக் கைவிடாதவர்கள். ஆயினும் அக்கேள்வி பிழையானது.

சிவில் வழக்குகளில் நீதிமன்றம் இடும் வாய்ப்பூட்டு நியாயமாக அமையும் இடமும் உண்டு. சிட்னித் துறைமுகப் பாலத்தருகே உள்ள லூனா பார்க் களியாட்டப் பூங்காவை அறிவீர்கள். அதன் இரைச்சல் தாங்காத அயலவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்குக்காக அவர்கள் கொடுத்த சத்தியக்கடதாசிகளைப் பூங்காத் தரப்பினர் இருவர் மாநில அமைச்சர் தரப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்துச் சட்டமாற்றம் கேட்டனர். 2005இல் பூங்காவுக்குச் சாதகமான சட்டமும் வந்தது. அவ்விருவரும் செய்தது நீதிமன்ற அவமதிப்பு என்ற தீர்ப்பை 2008இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்கின் கட்டாயத்தால் ஒருவர் கையளித்த ஆவணத்தை, அது திறந்த மன்றில் சான்றாக ஏற்கப்படும் வரையில், மற்றவர் வேறு காரியத்துக்கு எடுக்கக்கூடாது. இதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை.

1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'சியாற்றில் டைம்ஸ்' பத்திரிகை வழக்கில் ஏகமனதாகத் தீர்த்ததும் இதையொட்டியதே. பத்திரிகைமேல் அவதூறு வழக்குப் போட்ட சமயக் குழுவொன்று தன் உறுப்பினர், நன்கொடையாளர் விபரங்களைக் கையளிக்க நேர்ந்தது. அவற்றை அச்சிடப் பத்திரிகைக்குத் தடை. ஆனால் அதே விபரத்தைப் பத்திரிகை வேறு வழியில் தானே அறிந்துகொண்டால் தாராளமாக அச்சிடலாம்.

அந்தக் கடைசி விதியைத்தான் நான் பற்றிக்கொள்கிறேன். நீதிமன்றத்தின் கையால் பெற்றதற்குப் பூட்டு உண்டு. தானே அறிந்ததற்கு இல்லை. பத்து வயதில் தன் உடலுக்கு நேர்ந்ததை ஒருவர் எந்த ஆவணத்தைப் பார்த்து அறிந்தார்?

அந்த அறிவைத்தான் திருச்சபை நிறுவனங்கள் பல, இணக்கப் பத்திரங்களில் விலைக்கு வாங்கின. வழக்கு மன்றேறுமுன் முடிந்துவிடும். மீறிப் பேசினால் நீதிமன்றம் பத்திரத்தின் பக்கம் நிற்கும் என்ற அச்சமே எஞ்சும். இந்நாட்டு அரசியலமைப்பில் பேச்சுரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1992இல் நீதிபதிகள் அதிலிருந்து உய்த்துணர்ந்த சுதந்திரம் அரசியல் தொடர்பாடலுக்கானது; அது சட்டங்களைக் கட்டுப்படுத்துமேயன்றி, கையொப்பமிட்டவரைக் கையொப்பத்திலிருந்து விடுவிக்காது.

மனமொத்து இட்ட கையொப்பந்தானே என்பீர்கள். 2007இல் ஜோன் எல்லிஸ் வழக்கில் சிட்னி உயர்மறைமாவட்டம் வென்றபோது, வழக்குப்போடத் திருச்சபை என்றொரு சட்ட ஆளே இல்லை என்ற நிலை உறுதியாயிற்று. கொடுத்ததை வாங்குவதன்றி வேறு வழி எங்கே? அந்நாளைய இணக்கங்கள் எவ்வளவு நீதியற்றவை என்று கண்டதாலன்றோ, அவற்றை நீதிமன்றம் தள்ளிவைக்க விக்டோரியா 2019இலும் நியூ சவுத் வேல்ஸ் 2021இலும் சட்டமியற்றின!

குருமடத்தில் எங்களுக்குப் பாவசங்கீர்த்தன இரகசியத்தைப் பற்றி நடுக்கத்தோடு கற்பித்தார்கள். அந்த முத்திரை யாரைக் கட்டுகிறது? கேட்ட குருவை. சொன்னவரை அது கட்டுவதேயில்லை. அவர் விரும்பினால் சந்தியில் நின்றும் சொல்லலாம். மௌனத்தின் பாரம் அதிகாரமுள்ளவன் தோளில் ஏற்றப்பட்டது. இணக்கப் பத்திரமோ அதை அப்படியே புரட்டிக் காயப்பட்டவர் தோளில் வைத்தது. இதை எந்த இறையியலில் கற்றோம்?

திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரில் இவ்வகை வழக்குகளுக்குப் பாப்பிறை இரகசியத்தை நீக்கினார். முறையிட்டவர்மீதோ பாதிக்கப்பட்டவர்மீதோ சாட்சிகள்மீதோ மௌனக் கடமையைச் சுமத்தலாகாது என்றும் விதித்தார். ஆகவே "திருச்சபையின் நற்பெயர்" என்று இனி எவரும் என்னிடம் வரவேண்டாம்.

பொய்க்குற்றம் சுமத்தினால் என்ன செய்வது? அவதூறுச் சட்டம் இருக்கிறது. இந்நாட்டில் அது சோனியான சட்டமுமன்று. பாதிக்கப்பட்டவரே தம் பெயர் வெளிவரவேண்டாம் என்று விரும்பினால்? அந்த மறைவு அவருக்கு முழுமையாகக் கிடைக்கட்டும். சாவி அவர் கையில் இருக்கட்டும். பெற்ற தொகையும் அப்படியே. அவர் மறைக்கலாம், நாம் மறைக்கச் சொல்லலாகாது. அது நீங்கள் உண்டியலில் இட்ட பணம்.

"பழைய மௌன விதிகளை இப்போது யாரும் வலியுறுத்துவதில்லை" என்று மறைமாவட்ட அலுவலகத்தில் ஒருவர் சொன்னால் அது போதாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கையொப்பமிட்டு, இன்றும் மனைவியிடம்கூட வாய்திறக்க அஞ்சுபவருக்கு அது எப்படித் தெரியும்? ஒவ்வோர் ஆயரும், ஒவ்வொரு துறவற சபைத் தலைவரும் அவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதவேண்டும்: அந்த விதி இனி உம்மைக் கட்டாது, நீர் பேசலாம் என்று. கீழே தம் கையால் ஒப்பமிடவேண்டும். முகவரிகள் கோப்புகளில் உள்ளன.