கைக்குழந்தையின் முதல் விமானப் பயணமும் பெற்றோரின் திருமணப் பதிவும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் குடிநுழைவுத் துறை அலுவலகங்களில் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி காத்திருக்கும் இளம் பெற்றோரை நிறையவே காணலாம். தமிழ்நாட்டில் குலதெய்வக் கோயிலில் முடி இறக்க, காது குத்த, அங்குள்ள தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைக் காட்ட என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரணம். தோட்டத்திலிருந்து வேன் பிடித்துப் பத்துமலைக்குப் போய் வருவதே பெரிய பயணமாக இருந்த காலம் போய்விட்டது. இன்று சென்னையும் திருச்சியும் ஏறக்குறைய நான்கு மணி நேரத் தூரம்தான். மலிவுக் கட்டண விமானங்கள் வந்த பிறகு தோட்டப்புறக் குடும்பங்களுக்கும் இது எட்டாத கனவாக இல்லை.

இரண்டு வயதுக்குள் போய் வந்துவிட வேண்டும் என்று அவசரப்படுவதிலும் காரணம் இருக்கிறது. இரண்டு வயது நிரம்பாத குழந்தை பெற்றோரின் மடியில் அமர்ந்து பயணம் செய்யலாம்; தனி இருக்கைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. குழந்தைக்கென்று ஒரு சிறிய கட்டணம் கட்டினால் போதும்.

ஆனால் மடியில் உட்காரும் குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். இந்தியாவுக்கென்றால் தனி விசாவும் வேண்டும். அம்மாவின் கடப்பிதழை வைத்துக் குழந்தையை அழைத்துப் போக முடியாது. பல குடும்பங்கள் தங்கள் பத்திரங்களில் உள்ள ஓட்டையை முதன்முதலாகக் கண்டுபிடிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

பிரச்சனை இல்லாத குழந்தை

தாயும் தந்தையும் மலேசியக் குடிமக்கள், திருமணம் முறைப்படி பதிவாகியுள்ளது, குழந்தை இங்கேயே பிறந்தது என்றால் வேலை எளிது. தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பிறப்புப் பத்திரமும் மைகிட் அட்டையும் கைக்கு வந்த பின், குழந்தையை நேரில் கொண்டுபோய் 100 வெள்ளி கட்டிக் கடப்பிதழ் எடுக்கலாம். பல அலுவலகங்களில் அன்றைக்கே கிடைத்துவிடும்.

பெற்றோர் இருவரும் குடிமக்கள், ஆனால் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்றால்? அப்போதும் குழந்தை தாயின் வழியில் குடியுரிமை பெற்றுவிடும். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் தானாக ஏறாது. தாயும் தந்தையும் சேர்ந்து போய்க் கேட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாட்டியோ சித்தியோ போய்ப் பதிவு செய்துவிட்டு, பத்திரத்தில் தந்தையின் இடம் வெறுமையாக இருப்பதைப் பிறகு பார்த்துக் கலங்கும் குடும்பங்கள் உண்டு.

கடப்பிதழ் முகப்பில் நின்றுபோகும் குழந்தை

உண்மையான சிக்கல் தாய் வெளிநாட்டவராக இருக்கும்போது தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பெண்ணை மணந்த மலேசிய இளைஞர்கள் நம் சமூகத்தில் ஏராளம். இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்களோடு குடும்பம் நடத்துவோரும் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இருக்கிறார்கள்.

நம் கூட்டரசு அரசியலமைப்பின்படி, இந்நாட்டில் பிறக்கும் குழந்தையின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் குழந்தையும் குடிமகன்தான். இதைக் கேட்டதும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அதே அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணையில், மூன்றாம் பாகத்தில், 17ஆவது பிரிவு இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. சட்டப்படி திருமணம் ஆகாதவர்களுக்குப் பிறந்த குழந்தைக்குத் தந்தையின் குடியுரிமை கணக்கில் வராது, தாயின் குடியுரிமையே பார்க்கப்படும் என்கிறது அந்தப் பிரிவு. தாய் வெளிநாட்டவர் என்றால் குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்றே எழுதப்படுகிறது. ஈப்போ மருத்துவமனையில் பிறந்து, மலேசியத் தந்தையின் தோளில் வளரும் குழந்தைக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது.

இங்கேதான் திருமணப் பதிவின் கனம் புரியும். முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் 1ஆம் தேதி முதல் நடப்பில் உள்ளது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், ‘அம்மன் சாட்சியாகத் தாலி கட்டியாயிற்று, பேப்பர் எதற்கு’ என்ற பேச்சு நம்மிடையே ஓயவில்லை. தமிழ்நாட்டில் மண்டபம் எடுத்து ஊர்கூடிக் கல்யாணம் செய்தவர்களும் இதில் அடங்குவர். வெளிநாட்டில் திருமணம் செய்துகொண்ட மலேசியர் ஆறு மாதங்களுக்குள் அதை நம் தூதரகத்திலோ, அதற்குள் நாடு திரும்பிவிட்டால் இங்கேயோ பதிவு செய்ய வேண்டும். மாலையும் புகைப்பட ஆல்பமும் பதிவுக்கு ஈடாகாது.

எல்லாவற்றையும் அலட்சியம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தற்காலிக வேலை பெர்மிட்டில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் இங்கே திருமணம் செய்துகொள்ளக் குடிநுழைவு விதிகள் இடம் தருவதில்லை. முதல் திருமணம் சட்டப்படி முறியாததால் இரண்டாவதைப் பதிவு செய்ய முடியாமல் நிற்பவர்களும் உண்டு. பதிவு செய்ய மனமிருந்தும் வழியில்லாத இவர்களின் பிள்ளைகளுக்கும் அதே 17ஆவது பிரிவுதான்.

‘பிறகு பதிவு செய்தால் சரியாகிவிடும்’

குழந்தை பிறந்த பிறகு அவசரமாகத் திருமணத்தைப் பதிவு செய்தால் எல்லாம் நேராகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று அதற்குப் பலத்த அடி. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பைன்ஸ் தாய்க்கும் மணிலாவில் பிறந்த பிள்ளையின் வழக்கு அது. குழந்தை பிறந்து ஐந்து மாதங்களுக்குப் பின் பெற்றோர் மலேசியாவில் திருமணத்தைப் பதிவு செய்தனர். பிற்பாடு செய்த திருமணம் குழந்தையைச் சட்டப்படியான பிள்ளையாக்கும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. ஆனாலும் குடியுரிமைக்குப் பிறந்த நேரத்து நிலையே கணக்கு என்று 2021 மே 28ஆம் தேதி நீதிமன்றம் கூறியது. ஏழு நீதிபதிகளில் நால்வர் அப்படிச் சொன்னார்கள். மூவர் குழந்தையின் பக்கம் நின்றார்கள். ஒரே ஒரு நீதிபதி இந்தப் பக்கம் வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

இத்தகைய பிள்ளைகளுக்கு மீதமுள்ள வழி, அரசியலமைப்பின் 15(2) பிரிவின்கீழ் உள்துறை அமைச்சுக்கு விண்ணப்பிப்பது. அது உரிமை அல்ல, அமைச்சின் விருப்புரிமை. பதில் வர ஆண்டுகள் ஆகலாம். நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தாயின் நாட்டுக் கடப்பிதழ் எடுப்பது இன்னொரு வழி. தாய் இந்தியர் என்றால் குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பயணம் அதனால் நடக்கலாம். ஆனால் திரும்பி வரும் குழந்தை தன் தந்தையின் நாட்டுக்குள் ஒரு வெளிநாட்டவராகவே நுழையும். இங்கே தங்கக் குடிநுழைவுத் துறையின் அனுமதியும் வேண்டும். அவசரத்தில் டிக்கெட் வாங்கிவிட்டு இந்த முடிவை எடுக்கக் கூடாது. முதலில் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்பது நல்லது.

வெளிநாட்டில் பிறந்த குழந்தை, மலேசியத் தாய்

இதற்கு நேர் எதிரான கதை, வெளிநாட்டவரை மணந்து அங்கே வாழும் மலேசியப் பெண்களுடையது. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை ‘தந்தை’ குடிமகனாக இருந்தால் குடியுரிமை பெறலாம் என்றே அரசியலமைப்பு எழுதப்பட்டிருந்தது. தாய் என்ற சொல் அங்கே இல்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ வாழ்க்கைப்பட்ட மலேசியப் பெண், பிள்ளைக்குக் குடியுரிமை வேண்டுமென்றால் கர்ப்பத்தோடு விமானம் ஏறித் தாய்வீடு வந்து பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மாதம் ஏற ஏற விமான நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும். கடைசி வாரங்களில் ஏற்றவே மாட்டா. கோவிட் காலத்தில் எல்லைகள் மூடியபோது அந்த வழியும் அடைபட்டது.

2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தாய்மார்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் மேல் முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டுக்கு ஒன்று என்று மாற்றியது. கடைசியில் நாடாளுமன்றமே முன்வந்தது. 2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவையும், அவ்வாண்டு இறுதியில் மேலவையும் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றின. ‘தந்தை’ என்றிருந்த இடத்தில் ‘பெற்றோரில் ஒருவர்’ என்ற பொருள் வந்தது. இந்தியா இதை 1992இலும் சிங்கப்பூர் 2004இலும் செய்துவிட்டன.

மகிழ வேண்டிய திருத்தம்தான். ஆனால் அது பின்னோக்கிச் செல்லாது. நடப்புக்கு வரும் நாளுக்கு முன் பிறந்த பிள்ளைகள் பழைய வரிசையிலேயே நிற்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கான வயது வரம்பும் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது.

நம் சமூகம் போதுமான அளவு பேசாத இன்னொரு மாற்றமும் அதே திருத்தத்தில் உள்ளது. இங்கே பிறக்கும் குழந்தையின் பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே குழந்தைக்குக் குடியுரிமை உண்டு என்ற பாதுகாப்பு நீக்கப்பட்டது. சிவப்பு அடையாளக் கார்டு என்பது நமக்குப் புதிய சொல் அல்ல. ‘ரஜுலா’ கப்பலில் வந்து இறங்கிய தலைமுறையிலும், தோட்ட லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த அடுத்த தலைமுறையிலும், பத்திரம் எடுக்காததால் காலமெல்லாம் அந்தச் சிவப்புக் கார்டோடு வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடத்த வேண்டி வந்தது. சிவப்புக் கார்டு வைத்திருப்பவர் இன்னும் பிள்ளை பெறும் வயதில் இருந்தால், அவருடைய குழந்தைக்கு இனி எந்த வழியில் குடியுரிமை கிடைக்கும் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே விசாரித்து வைப்பது அவசியம்.

விமானம் ஏறும் முன்

பத்திரங்கள் சரியாக உள்ள குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. போகும்போது இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரும்பும்போது இரண்டு வயது ஆகிவிட்டால் தனி இருக்கை வாங்க வேண்டும். ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைதான். இரட்டைக் குழந்தைகளோடு தாய் தனியாகப் போகத் திட்டமிட்டால் முன்கூட்டியே விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். மலிவுக் கட்டண விமானங்களில் குழந்தையைப் படுக்க வைக்கும் தொட்டிலை எதிர்பார்க்கக் கூடாது. குழந்தைக்கான பாலுக்கும் வெந்நீருக்கும் பாதுகாப்புச் சோதனையில் பொதுவாக விலக்கு உண்டு. கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும்.

விமானம் ஏறும்போதும், முக்கியமாக இறங்கும்போதும், காதுக்குள் அழுத்தம் மாறுவதால் குழந்தைகள் வீறிட்டு அழும். அந்த நேரத்தில் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுத்தால் விழுங்க விழுங்கக் காது திறக்கும். சளி பிடித்திருந்தால் புறப்படும் முன் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. நம் நாட்டில் தட்டம்மைத் தடுப்பூசி ஒன்பதாம் மாதத்தில்தான் போடப்படுகிறது. அதற்கு முன்பே இந்தியாவுக்குப் புறப்படுவதானால் சுகாதாரக் கிளினிக்கில் ஆலோசனை கேட்க வேண்டும். கோயில் கூட்டத்தில் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சுவது நம் வழக்கம். தட்டம்மைக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை.

முன்னே தெரிந்தால் நல்லது

கடப்பிதழ் கிடைக்காமல் பயணம் ரத்தாவது குடும்பத்துக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த வருத்தம் ஆறு மாதக் குழந்தைக்காக வருவது ஒரு வகையில் நன்மை. விமானம் ஏறும் எண்ணமே இல்லாத குடும்பங்களில் இதே சிக்கல் ஏழு வயதில் பள்ளிக்கூட வாசலில் தெரிய வரும்; பொது மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கும்போது தெரிய வரும்; பன்னிரண்டு வயதில் வகுப்பு நண்பர்கள் எல்லாரும் மைகார்டு எடுக்கும்போது தெரிய வரும். அதற்குள் சாட்சிகள் இறந்திருப்பார்கள், தோட்டம் விற்கப்பட்டிருக்கும், தாய் ஊர் திரும்பியிருப்பார். 18 வயது வரம்பும் நெருங்கிக்கொண்டிருக்கும்.

கோயில் நிர்வாகங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே திருமணப் பதிவு குறித்துக் கேட்கலாம். பெண் வெளிநாட்டவர் என்றால், பதிவு முடிந்த பிறகே முகூர்த்தம் என்று சொல்லலாம். தாய் கருவுற்றிருக்கும்போதே, வளைகாப்புக்கு நாள் பார்க்கும் நேரத்தில், பெரியவர்கள் பத்திரங்களையும் ஒரு முறை எடுத்துப் பார்க்கலாம்.

அரசாங்கத்தின் கடமை இதைவிடப் பெரியது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமை போதும் என்று ஒப்புக்கொண்ட நாடாளுமன்றம், இங்கேயே பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை ஏன் போதாது என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தந்தை யார் என்று நிரூபிக்க மரபணுச் சோதனை இருக்கும் காலம் இது. பெற்றோர் ஒரு படிவத்தை நிரப்பாமல் விட்டதற்காக, பேசத் தெரியாத குழந்தை நாடில்லாமல் நிற்பது நியாயம் ஆகாது. 17ஆவது பிரிவு திருத்தப்படும் வரை, தாலி கட்டும் நாளிலேயே பதிவு ஏட்டிலும் கையொப்பமிடுவதுதான் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெற்றோர் தரும் முதல் பாதுகாப்பு.