ராணுவ லாரி போகிற ரோடு... மலை சரிந்தால் யார் போவது?

பத்ரிநாத், கங்கோத்ரி என்று நம் பக்கத்தில் இருந்து வருஷா வருஷம் யாத்திரை கிளம்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் பஸ்சில் போகிற அதே மலை ரோட்டில்தான் சீன எல்லைக்கு ராணுவ லாரியும் போகிறது. பட்டாளத்துக்கு என்று தனி ரோடு கிடையாது. இந்த ரோடு படுத்தால் பக்தரும் நிற்க வேண்டும், ஜவானும் நிற்க வேண்டும்.

உத்தரகாண்டில் 4 கோவில்களை இணைக்கும் 'சார்தாம்' ரோடு திட்டம் 2016 டிசம்பரில் தொடங்கியது. நீளம் சுமார் 889 கி.மீ., செலவு சுமார் ரூ.12 ஆயிரம் கோடி. மரத்தை வெட்டி, மலையைச் செதுக்கினால் ஆபத்து என்று வழக்கு வந்தது. 5.5 மீட்டர் அகலம் போதும் என்று 2020 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

ராணுவம் கேட்டது என்ன?

அந்த வருஷம் ஜூன் மாதம்தான் லடாக்கின் கல்வானில் சீன ராணுவத்தோடு மோதல் நடந்தது. நம் வீரர்கள் 20 பேர் உயிரை விட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து பழனி அதில் ஒருவர். அந்த சூட்டோடு ராணுவ அமைச்சகம் கோர்ட்டு படி ஏறியது. பீரங்கி, ஏவுகணை ஏற்றிய பெரிய வண்டி எல்லாம் குறுகலான ரோட்டில் ஏறாது, 10 மீட்டர் வேண்டும் என்று கேட்டது.

2021 டிசம்பர் 14-ந்தேதி 3 நீதிபதிகள் அனுமதி கொடுத்தார்கள். ரிஷிகேஷ்-மாணா, ரிஷிகேஷ்-கங்கோத்ரி, தனக்பூர்-பித்தோராகர் என்று 3 ரோடுகள். மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.சிக்ரி தலைமையில் குழுவும் போட்டார்கள்.

ராணுவம் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. 1962 சீனப் போரில் ரோடு இல்லாமல் நம் ஜவான்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

அகலம் மட்டும் போதுமா?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இமயமலை இளசு மலை, பாறை இறுக்கம் குறைவு. ரோட்டை அகலப்படுத்த மலையின் அடிக்காலை வெட்டுகிறார்கள். மேலே இருக்கிற மண்ணைத் தாங்கிப் பிடிப்பதே அந்த அடிக்கால்தான். அது போனால், மழையில் மண் ஊறியதும் மொத்தமாக இறங்கிவிடும். இதைத் தடுக்க தாங்கு சுவர் வேண்டும், இரும்பு வலை வேண்டும், தண்ணீர் வடிய வாய்க்கால் வேண்டும். வெட்டுகிற வேலை கொஞ்ச நாளில் முடிந்துவிடும். பராமரிப்பு வேலை வருஷக்கணக்கில் தொடரும். திறப்பு விழாவுக்குக் கூட்டம் கூடும், வாய்க்கால் தூர் வார யார் வருவார்?

2025 ஆகஸ்டு 5-ந்தேதி கங்கோத்ரி ரோட்டில் உள்ள தராலி கிராமத்தை காட்டாறு அடித்துப் போனது. அந்த வெள்ளத்துக்கு ரோடு காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் ரோட்டின் கதி என்ன ஆனது என்று பாருங்கள். பல இடத்தில் துண்டானது. லிம்சாகாட் பாலம் போனது. பக்கத்து ஹர்சிலில் ராணுவ முகாமுக்கே அடி, ஜவான்களும் காணாமல் போனார்கள். மீட்பு வேலைக்கு ஹெலிகாப்டர்தான் கைகொடுத்தது. ராணுவமும் எல்லை ரோடு அமைப்பும் சில நாளில் பெய்லி இரும்புப் பாலம் போட்ட பிறகுதான் அந்த இடத்தை வண்டி தாண்டியது.

அடித்துப் போன இடத்தில் ரோடு 5 மீட்டராக இருந்தால் என்ன, 10 மீட்டராக இருந்தால் என்ன?

போர் வந்தால் எதிரி மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருப்பானா? அதனால் இந்த ரோட்டுக்கு மார்க் போட அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. மழை மாசத்தில் எத்தனை நாள் திறந்திருந்தது, மண் சரிந்தால் எத்தனை மணி நேரத்தில் வழி விட்டார்கள் என்று கணக்கு எடுக்க வேண்டும். அந்தக் கணக்கை வருஷா வருஷம் ஜனங்கள் முன்னாடி வைக்கட்டும். வெட்டுகிற காசோடு, சரிவைக் காக்கிற காசையும் ஒதுக்கட்டும். ராணுவத்துக்குச் செய்கிற பெரிய உதவி அதுதான்.