ஒரு டன் எடையும் இரண்டு கயிறுகளும்



அண்ணனூரில் மின்சார ரயில்களைப் பராமரிக்கும் பணிமனை இருக்கிறது. ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. மறுபக்கம் ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. டன் கணக்கான இரும்பு தரையை விட்டு எழும்பாத நாளே இந்த வட்டாரத்தில் இல்லை எனலாம். உங்களில் பலருடைய அப்பாவோ அண்ணனோ மாமாவோ அந்த இரும்பின் அருகில் நிற்பவர்கள். ஐ.டி.ஐ. முடித்து நாளை நீங்களும் நிற்கலாம். ஆகவே ஒரு கேள்வி: 1 டன் எடையை இரண்டு கயிறுகளால் தூக்கினால், ஒவ்வொரு கயிற்றிலும் எவ்வளவு இழுவிசை இருக்கும்?

அரை டன் என்று சொல்லத் தோன்றும். இரண்டு கயிறுகளும் செங்குத்தாக நின்றால் அது சரிதான். ஆனால் கிரேனின் கொக்கி ஒன்றே ஒன்று. அதிலிருந்து கயிறுகள் கூடாரத்தின் இரு சரிவுகளைப் போலச் சாய்ந்துதான் சுமைக்கு வருகின்றன. அப்போது எடையில் பாதியை, கயிறு கிடைமட்டத்தோடு உண்டாக்கும் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். 60 பாகையில் ஒரு கயிற்றின் இழுவிசை 577 கிலோ. 45 பாகையில் 707. 30 பாகையில் 1,000 கிலோ, அதாவது ஒவ்வொரு கயிறும் முழு எடைக்கு நிகரான விசையைத் தாங்குகிறது! 10 பாகைக்குத் தாழ்ந்தால் சுமார் 2,880 கிலோ. சுமை மாறவில்லை, கோணம்தான் மாறியது. கயிறுகள் சாயச் சாய, அவை சுமையைத் தூக்குவதை விட ஒன்றையொன்று இழுப்பதிலேயே அதிக விசையைச் செலவிடுகின்றன.

நம்பிக்கை வரவில்லையா? பள்ளி ஆய்வகத்தில் இரண்டு சுருள்வில் தராசுகளை வாங்கி, 1 கிலோ எடையை அவற்றில் தொங்கவிடுங்கள். பிறகு தராசுகளை மெல்ல விலக்கிக்கொண்டே போய், முள் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

கோபுரத்தின் உயரத்தையும் பட்டத்தின் நூலையும் கணக்கிடப் பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் படிக்கிறோம். இந்தக் கயிற்றுக் கணக்கும் அந்தப் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. அனுபவமுள்ள கலாசிகள் சைன் அட்டவணை பார்த்தா தூக்குகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். இல்லைதான். குட்டையான கயிற்றை ஒதுக்கிவிட்டு நீளமானதை எடுக்க அவர்களுடைய கைக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாளான பையனுக்குத் தெரியாது. "நேற்று தாங்கிய கயிறுதானே!" என்பார்கள் அவனிடம். நேற்று என்ன கோணத்தில் தாங்கியது என்பதை யார் சொல்வது?

1 டன் சுமைக்கென்று குறிக்கப்பட்ட கம்பிக் கயிறு, பொதுவாக 5 டன் அளவுக்கு இழுத்தால்தான் அறும். மீதி 4 டன் நமக்குக் கிடைத்த சலுகை என்று நினைப்பவர்கள் உண்டு. அது சலுகையல்ல. திடீர்க் குலுக்கல், வளைவு, தேய்மானம், துரு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கி வைத்த பங்கு அது.

கயிறு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. பெரிய மோட்டாரின் தலையில் ஒரு வளையம் இருக்கும். ஐ போல்ட் என்பார்கள். பெரும்பாலும் அது மோட்டாரை நேர் மேலே தூக்குவதற்காகப் பொருத்தப்பட்டது. பக்கவாட்டில் இழுத்தால் மரையின் கழுத்தில் வளைந்து முறியலாம். ஷாக்கிளின் பின் தொலைந்துவிட்டால் கையில் கிடைத்த போல்ட்டைச் செருகுவதும் இதே வகை ஆபத்துதான். விரிந்த கொக்கியைச் சுத்தியலால் தட்டி மூடுவது அதைவிட மோசம்.

கம்பிக் கயிறே ஆபத்துக்குப் பயந்து பிறந்ததுதான். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலிகள் அறுந்தபடி இருந்தன. ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று. 1834-இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். அதில் ஓர் இழை அறுந்தாலும் மற்றவை தாங்கும். அறுந்த இழை முள்ளாக வெளியே நீட்டி எச்சரிக்கும். பார்க்கக் கண் வேண்டும், அவ்வளவுதான். (வெறுங்கையால் தடவிப் பார்க்காதீர்கள்!)

பார்க்க வேண்டும் என்று சட்டமும் சொன்னது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி, தூக்கும் சங்கிலி, கயிறு, கருவி எதுவானாலும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பான சுமையின் அளவைத் தெளிவாகக் குறிக்கவும் வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்கு வெளியே இந்தக் கண்டிப்பு பல இடங்களில் இல்லை. 2020 பிப்ரவரி 19 இரவு பூந்தமல்லி அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில், கனமான விளக்குகளைத் தாங்கிய கிரேன் சாய்ந்து 3 பேர் இறந்தனர். சுமைக்கும் கிரேன் கைக்கும் கீழே எவரும் இருக்கக் கூடாது என்ற விதி எந்த இடத்துக்கும் பொருந்தும்.

எடை எவ்வளவு, கயிற்றில் குறித்திருப்பது எவ்வளவு, கோணம் என்ன என்ற மூன்றையும் கேட்க வயதோ பதவியோ தேவையில்லை. கோணத்தை அளக்கக் கோணமானிகூட வேண்டாம். சுமையில் கயிறு மாட்டிய இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கயிறும் அதே நீளம் இருந்தால் அது சமபக்க முக்கோணம். கோணம் 60 பாகை. அதைவிடக் குட்டை என்றால் வேறு கயிறு கேளுங்கள்.