எங்கள் தோழி பார்க்காத அருங்காட்சியகம்

மாமல்லபுரம் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் அருச்சுனன் தபசும் ஆகும். பல்லவர் பெருமையைச் சரித்திரப் பாடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். 1984-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. உலக மக்கள் எல்லாருக்கும் சொந்தம் என்பது அதன் பொருள். அந்த ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லைப் பற்றித்தான் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

சென்ற சனவரித் திங்களில் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுற்றுலா சென்றோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். பாட்டு முடிவதற்குள் ஊர் வந்துவிட்டது. எங்களுள் ஒருத்தி சக்கர நாற்காலியில் வருபவள். கணக்கில் முதலிடம் அவளுக்குத்தான். வாய்ச் சண்டையிலும் அவளுக்குத்தான். முதலில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். வாசலில் படிகள், படிகளின் ஓரமாகச் சிமெண்டுச் சாய்தளம் ஒன்றும் இருந்தது. அதன் நடுவில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகள்! காவலர் நல்லவர். ஓடிவந்து தொட்டிகளை நகர்த்தினார். ஆனால் நான்கு பேர் சேர்ந்து தள்ளியும் நாற்காலி பாதி வழியில் பின்னுக்கே வந்தது. “நீங்க போயிட்டு வாங்கடி, நான் பஸ்ஸிலேயே இருக்கேன்” என்றாள். நாங்களும் போய்விட்டோம். அதுதான் இன்றுவரை எங்களை உறுத்துகிறது.

திரும்பி வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அந்தச் சாய்தளம் எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம்?” என்பது. துப்பட்டாவை வைத்து அளந்து வந்து சொன்னோம். உயரம் 3 அடி, தரையில் நீளம் 6 அடி. நாங்கள் திரிகோணமிதியைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். அவள் பஸ்ஸில் உட்கார்ந்தபடி கணக்குப் போட்டாள். ஏற்றம் 26 பாகைக்கு மேல். விதிப்படி 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். அது 5 பாகைக்கும் குறைவான ஏற்றம். ஆக அங்கே தேவைப்பட்டது 36 அடி. சாய்தளம் இருக்கிறது என்று எழுதிக் காட்டுவதற்காகக் கட்டியிருக்கிறார்களே தவிர, அதில் யாராவது ஏறுவார்கள் என்று நினைத்துக் கட்டவில்லை!

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களைப் பற்றி மட்டுமன்றி, கலையும் பண்பாடும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்பதையும் சொல்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இதற்கான தரங்கள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றினோம், படிகளை மாற்றவில்லை.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமையான பாறையில் ஆணி அடிப்பதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கூடாதுதான். மலைமேல் உள்ள மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கு லிஃப்ட் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் மணலில் சக்கரம் புதையும் இடங்களுக்கு மரப்பாதை போடலாம் அல்லவா? சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலருகே செல்ல 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலையின் அருகில் போனார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் நம் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்து, அந்தப் பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. பணம் வீண் என்று கேலி பேசியவர்கள் உண்டு. புயலில் சாலை பெயர்ந்தால் இனிச் சாலையே வேண்டாம் என்கிறோமா? அந்தப் பாதையையும் செப்பனிட்டுத்தான் விட்டார்கள்.

அன்று அருச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருந்தபடியால் அவளும் எங்களோடு கண்குளிரப் பார்த்தாள். தவம் செய்யும் பூனையை முதலில் கண்டுபிடித்தவளும் அவளே. அதன்பின் நடந்ததுதான் எங்களுக்கு ஒரு யோசனையைத் தந்தது. தெருவோரச் சிற்பக்கூடம் ஒன்றுக்கு வாசலும் இல்லை, படியும் இல்லை. கீற்றுக் கொட்டகை, தரையெல்லாம் கல்தூள். நாற்காலி நேரே உள்ளே போய்விட்டது. வயதான சிற்பி ஒருவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, “தொட்டுப் பாரும்மா” என்றார். பாதி செதுக்கிய யானையின் துதிக்கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு தடவினோம். வழவழப்பாக்கிய நெற்றி எது, இன்னும் உளி படாத முதுகு எது என்பது விரலுக்கே தெரிந்தது.

பார்வையற்றவர்களுக்கு அருச்சுனன் தபசை எப்படிக் காட்டுவது? ஏறத்தாழ 90 அடி நீளப் பாறை. எட்டும் இடத்தில் தொட்டாலும் யானையின் கால்தான் கிடைக்கும், பூனை கிடைக்காது. தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-ஆம் ஆண்டில் தொட்டுணரும் கூடம் ஒன்று திறந்தார்கள். அங்கே சிற்பங்களின் பிரதிகளைக் கையால் தடவிப் பார்க்கலாம். நம் ஊரில் அதற்கு ஆளைத் தேடி அலைய வேண்டுமா? 1957 முதல் இங்கே அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மேசையளவில் ஒரு தபசைக் கல்லிலேயே செதுக்கி, பக்கத்தில் பிரெயிலில் விளக்கம் பொறித்து, சாலைமட்டத்தில் வைத்தால் ஆகாதா? மலையேற இயலாத தாத்தா பாட்டிமாருக்காக மகிஷாசுரமர்த்தினியையும் அப்படிக் கீழே கொண்டுவரலாமே! காது கேளாதவர்களுக்குச் சைகை மொழியில் விளக்கும் வழிகாட்டிகளையும் பயிற்றுவிக்கலாம்.

ஊரைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு இதையும் எழுதாமல் விடுவது நியாயமில்லை. மதர் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம். சென்ற ஆண்டு விழாவில் கணக்குப் பரிசைத் தோழி மேடைக்குக் கீழேயேதான் வாங்கினாள். சிறப்பு விருந்தினர் இறங்கிவந்து கொடுத்தார். நாங்களும் பெற்றோர்களும் பலமாகக் கைதட்டினோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது, பஸ்ஸில்தான் சொன்னாள்.

நம் மேடையின் உயரம் 2½ அடி. 30 அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது அவள் போட்ட கணக்கு. நூலகத்தை ஒட்டிய சுவரோரம் 34 அடி இடம் இருக்கிறது. தையல் டீச்சரின் டேப்பை வாங்கி இருமுறை அளந்து பார்த்துவிட்டோம்.